இத்தாலி டிஸ்கோவும் ஒரு மணிச் சத்தமும்

ஒரு மணிச் சத்தத்துக்காக முன்பின் தெரியாதவர்களோடு மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறேன். கோயில் மணி இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ ஒருவர் கீபோர்டில் தட்டிய மணி. அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் காதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் நீளும்.

காதுதான் என் பிழைப்பு. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் நிட்டிங் மாஸ்டர். துணி பின்னுகிற பதினான்கு வட்ட மெஷின்கள் என் பொறுப்பு. ஒரு மெஷினுக்குள் ஆயிரக்கணக்கில் ஊசிகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றே ஒன்று உடைந்தாலும் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் ரோலில் பாதி ஓடியிருக்கும். அதனால் நல்ல மாஸ்டர் காதால்தான் பிடிப்பான். உடைந்த ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டிக்' என்று சொல்லும். பதினான்கு மெஷின் இரைச்சலுக்கு நடுவில் அந்த டிக்கைத் தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் கேட்டுக்குள் வண்டியை நிறுத்தும்போதே, "ஆறாம் நம்பர்ல ஊசி போச்சு, நிறுத்துங்க" என்று நான் கத்தியதுண்டு. முதலாளி வெளியாட்களிடம் என்னைக் காட்டும்போது பேரைச் சொல்லமாட்டார், காதைத்தான் சொல்வார். அந்தப் பெருமையை நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்தக் காதுக்குள் இத்தாலிப் பாட்டு நுழைந்தது ஒரு மெஷினால்தான். பல வருடங்களுக்கு முன் இத்தாலியிலிருந்து புது மெஷின் வந்தபோது அதைப் பூட்டிக்கொடுக்க அங்கிருந்தே ஒரு மெக்கானிக்கும் வந்தார். எட்டு நாள் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இத்தாலி தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நூல் கோன் மாட்டுகிற கம்பியில் ஒரு குட்டி ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வகைப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார், இத்தாலி டிஸ்கோ என்று. டும் டும் டும் டும் என்று அளவு தப்பாத அடி. அதற்கு மேலே ஏங்குகிற ஒரு குரல். பல்லடத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன் நான். தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். அந்த அடி எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு பென்டிரைவில் அறுபது பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாட்டுக்காரர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. டிரம் அடிக்க ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் மெஷினை அடிக்கவிட்டவர்கள். ஆங்கிலம் தெரியாமலே ஆங்கிலத்தில் பாடியவர்கள். ஒரு வரியில் காதலியைக் கூப்பிடுவார்கள், அடுத்த வரியில் ராக்கெட் வரும், அதற்கடுத்த வரியில் டெலிபோன் மணி அடிக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு நான் அனுப்புகிற வாட்ஸ்அப்பும் கிட்டத்தட்ட அதே தரம்தான். அட்டைப்படத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நிற்கிற ஆள் ஒருத்தர், உள்ளே பாடியது வேறொருத்தர் என்பதெல்லாம் அங்கே சகஜமாம். ஒரே ஒரு பாட்டோடு காணாமல் போனவர்கள்தான் அதிகம். பாட்டு ஓடாமல் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கடையோ வேறு வேலையோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்தப் பழைய பாட்டுகளுக்கு மறுபடியும் யோகம் அடித்திருக்கிறது. ஐரோப்பாவில் சின்னச் சின்ன கம்பெனிகள் மூல டேப்பைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, சத்தத்தைச் சுத்தம் செய்து, இசைத்தட்டாகத் திரும்ப வெளியிடுகிறார்கள். இன்டர்நெட்டிலும் விடுகிறார்கள். அதே பாணியில் புதிதாகப் பாட்டுப் போடுகிற இளவட்டங்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேரைப் பழசு என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் எலக்ட்ரோ என்று ரோபோ குரலில் கடுகடுவென்று பேசவிடும். அதுவும் கேட்பேன், ஆனால் மனசு ஒட்டாது. என்னிடம் இசைத்தட்டு சுற்றுகிற பெட்டி கிடையாது. போனும் ஹெட்போனும்தான். புதுசு எது வந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடும். குளித்து, முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் அதற்காக ஒதுக்கி வைத்திருப்பேன். என் மனைவிக்கு இது எதுவும் பிடிக்காது. "காலங்காத்தால டங்கு டங்குன்னு" என்பாள், அதோடு சரி.

சென்ற வருடம் ஒரு அறிவிப்பு வந்தது. அந்தப் பென்டிரைவில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்று. ஒரு பெண் ரயில் நிலையத்தில் காத்திருப்பதாகப் பாடுவாள். என்னிடம் இருந்தது தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதி, பொரி வறுக்கிற சத்தத்தோடு இருக்கும். அதன் மூல டேப் யாரோ வீட்டுப் பரணில் கிடைத்துவிட்டதாம். அறிவிப்பில் ஒரு வரி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பாட்டின் பின்பாதியில் ஒரு சின்ன மணி வாத்தியம் வருகிறது, பழைய தட்டுகளில் அது அமுங்கிப்போய்விட்டது, இப்போது முதல்முறையாகத் தெளிவாகக் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருடம் கேட்ட பாட்டுக்குள் நான் கேட்காத ஒன்று இருக்கிறது. ஆறு வாரம் காத்திருந்தேன். ஆபீஸில் காலண்டரில் அந்த வெள்ளியைச் சுழித்துக்கூட வைத்தேன். துணி அனுப்புகிற தேதி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலையில் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். பொரிச் சத்தம் போயிருந்தது, அடி நன்றாக நெஞ்சில் இறங்கியது. ஆனால் மேலே எதுவுமே இல்லை. யாரோ பாட்டின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டதுபோல் இருந்தது. பின்பாதி வந்தது, போனது. மணி இல்லை. மறுபடி போட்டேன். இல்லை. நாலாவது தடவையும் இல்லாமல்போகவே எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பாட்டைப் போட்டிருந்த யூடியூப் வீடியோவுக்குக் கீழே என் ஆங்கிலத்தில் எழுதினேன்: டேப் கெட்டுப்போயிருக்கிறது, உயரமான சத்தமெல்லாம் செத்துவிட்டது, மணி என்று சொல்லி மக்களை ஏமாற்றுகிறீர்கள்.

சும்மா இருப்பார்களா. மதியத்துக்குள் பதில்கள் வரிசைகட்டி நின்றன. ஜெர்மனிக்காரர் ஒருவர், மூன்று நிமிடம் இருபதாவது வினாடியில் மணி தொடங்குகிறது என்று பொறுமையாக எழுதினார். நான் இல்லை என்றேன். இன்னொருவர் பாட்டின் சத்தத்தைப் படமாக வரைகிற ஏதோ ஒன்றைப் போட்டு, உச்சியில் சின்னச் சின்னக் கோடுகளைக் காட்டினார். படம் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றேன். கடைசியில் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரரே வந்து, வருத்தப்படுவதாகவும், ஹெட்போனை ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். அதற்கு நான் எழுதியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் இந்தியாவில் நிட்டிங் மாஸ்டர், என் காதுதான் என் தொழில், உங்கள் காதைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதினேன். அதற்காக யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தர்கூட.

ஆனாலும் சனிக்கிழமை போய்ப் புது ஹெட்போன் வாங்கினேன். அதிலும் மணி இல்லை. இனி எனக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஹெட்போனை நீட்டினேன்.

"ஆறு நிமிசம் கேளு. மணிச் சத்தம் ஏதாவது வருதான்னு மட்டும் சொல்லு."

"எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?"

"தெரியாதவங்க சொன்னாத்தான் நம்புவானுங்க."

மாட்டிக்கொண்டு கீரையை உருவியபடியே கேட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம் ஆனது. இருபதாவது வினாடியில் அவள் கை நின்றது. கீரைக்காம்போடு விரலை மேலே தூக்கினாள்.

"மணிங்க. சின்னதா. கொலுசு கட்டின குழந்தை நடக்கறாப்புல இருக்குதுங்க."

பாட்டை வேறெங்கோ தள்ளி, அவளுக்குத் தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன். அதே இடத்தில் விரலைத் தூக்கினாள். கண்ணை மூடச் சொல்லி, போனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை போட்டேன். அதே இடம். ஹெட்போனை அவள் காதிலிருந்து எடுத்து என் காதில் வைத்துக்கொண்டேன். டும் டும் டும் டும், அந்தப் பெண் ரயிலுக்காகக் காத்திருந்தாள், வேறு எதுவும் இல்லை.

அவள் எழுந்து வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்கறதில்லைங்க. ரெண்டு வருசமா எனக்குத் தெரியுமுங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னாச் சண்டைக்கு வருவீங்க."

உண்மைதான், வந்திருப்பேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. அவள் எங்கிருந்தோ கூப்பிடுவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. எது சொல்வதென்றாலும் எதிரில் வந்து நின்றுதான் சொல்கிறாள். அதை நான் வயதாக ஆக வருகிற அன்பு என்று நினைத்திருந்தேன். டிவியில் பேசுகிறவர்கள் எல்லோரும் வார்த்தையை மென்று பேசுகிறார்கள் என்று திட்டியிருக்கிறேன். வாசலில் குருவி வருவதில்லை என்று ஒருநாள் நான் சொன்னபோது அவள் எதுவும் பதில் சொல்லாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் முன்னால் அதைக் காட்டாமல் இருக்கத் தெரியவில்லை.

ஆனால் வீட்டில் கேட்காவிட்டால் போகிறது, ஊசி கேட்கிறதே என்று ஒரு பிடி மிச்சம் இருந்தது. அன்று வரை நான் ஒரு ஊசியையும் விட்டதில்லை. திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். இரைச்சல் ஒரு சுவர்போல நின்றது. அதற்குள் டிக் எதுவும் இல்லை. கண்ணைத் திறந்தேன். எங்கள் ஆபரேட்டர் ஒருவர், பீகார்க்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பவர், ஒன்பதாம் நம்பர் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். போய்ப் பார்த்தேன். ஒன்பதில் ஊசி போயிருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன். நான் ரவுண்டு வரும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒரு மெஷின் பக்கம் நின்றிருப்பார். நான் நேராக அங்கேதான் போவேன். அங்கேதான் ஊசி போயிருக்கும். இதை நான் என் காது என்று நினைத்திருக்கிறேன்.

வெளியே டீ குடிக்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய், "எத்தனை நாளா இப்படி நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். எங்கள் ஊர்த் தமிழிலேயே, "ரெண்டு தீவாளி ஆச்சுங்க மாஸ்டர்" என்றார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் எனக்கு நிட்டிங்குல வேலை போட்டுக் குடுத்தீங்க" என்றார். நானும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னார்கள். முதலில் சில சத்தங்கள் கேட்டன, அமுக்கினேன். பிறகு எதுவும் வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்து, முடிந்தது வாருங்கள் என்றார்கள். கோளாறு என்று நான் நினைத்த நேரம் முழுக்கச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். இடது பக்கத்தில் சமமாகப் போகிற கோடு, பாதிக்கு மேல், உச்சஸ்தாயிச் சத்தங்கள் வருகிற இடத்தில், கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. இரைச்சலால் போன நரம்பு திரும்ப வராது என்றார். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு புரியும். பாட்டு, என்று இழுத்தேன். பாட்டு கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும் என்றார். அப்புறம், "வேலை செய்யறப்ப காதுக்கு எதுவும் வெக்கறதில்லீங்களா?" என்று கேட்டார்.

வைப்போம், ஆடிட் அன்றைக்கு. வெளிநாட்டுப் பையர்கள் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். அன்று காலையில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு அடைப்பான் கொடுப்போம். வந்தவர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போம், அடுத்த ஆடிட்டுக்கு வேண்டுமல்லவா. வாங்கிப் போடுகிறவன் நான்தான். கொடுக்கத் தயங்குகிறவர்களிடம், காதை அடைத்துக்கொண்டால் ஊசி போவது எப்படித் தெரியும் என்று கேட்பதும் நான்தான். இதை டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். மணி இருக்கிறது, என் மனைவி கேட்டாள், என்னை மன்னியுங்கள் என்று. ஜெர்மனிக்காரர் அன்றைக்கே பதில் போட்டார். தான் இருபது வருடம் கிளப்பில் பாட்டுப் போட்டவர் என்றும், அந்த மணி தனக்கும் ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது என்றும் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். ஷிப்ட்டில் இருந்த ஏழு பேருக்கும் அடைப்பானைக் கொடுத்தேன்.

"ஆடிட்டுங்களா மாஸ்டர்?"

"ஆடிட் இல்ல. இனி தினமும் வெக்கணும்."

சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டார்கள். கேட்டுப் பக்கம் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தார்கள். டீ நேரத்துக்குள் ஆறு பேர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்கள். பீகார்க்காரர் மட்டும் என் முகத்துக்காக வைத்திருந்தார். அன்று முற்பகல் நான் நான்கு முறை ரவுண்டு போனேன். அவர் எந்த மெஷின் பக்கமும் நிற்கவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பதினான்கு மெஷினையும் சுற்றிச் சுற்றி வந்தேன். பன்னிரண்டு மணிக்குத் துணி செக்கிங்கிலிருந்து ஆள் வந்தார். நான்காம் நம்பர் ரோலில் கோடு, காலையிலிருந்தே ஓடியிருக்கிறது என்றார். என்னிடமிருந்து அவர்களுக்குப் போன முதல் கோடு அது. முதலாளி கூப்பிட்டு அனுப்பி, "உடம்புக்கு ஏதும் முடியலீங்களா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். தூக்கம் சரியில்லை என்று சொன்னேன்.

நான் திரும்பி வந்தபோது பீகார்க்காரர் எனக்காகக் காத்திருந்தார். காதிலிருந்து இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"வேண்டாமுங்க மாஸ்டர். இதை வெச்சா எனக்கும் ஒண்ணும் தெரியமாட்டீங்குது."

வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல ஆகிவிடுவீர்கள் என்று சொல்ல வேண்டும். வாய்க்குள் தயாராக இருந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. நான் அந்த வயதில் கேட்டிலிருந்தே ஊசியைக் கேட்டவன். அவர் காதை மூடிக்கொண்டால் நாளைக்கு நான் இந்த ஷெட்டில் எதற்கு நிற்கிறேன் என்பதும் அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். நான் கையை நீட்டி இரண்டு அடைப்பானையும் வாங்கிக்கொண்டேன். அவர் நடந்துபோய் இரண்டாம் நம்பர் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போய் அதை நிறுத்தி ஊசியை மாற்றினேன்.